ஹீட்டில் கடைசியாக வருகிறவர்கள்: பெங்களூரு மாஸ்டர்ஸ் நீச்சல் அனுபவங்கள்

முதல் பகிர்வு: ஹலசூரு, 60–64 வயதுப் பிரிவு

ஈரோட்டுப் பக்கத்தில், முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவள் நான். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும்; எதிர்ப்படியைத் தொட்டுவிட்டால் போதும், எவ்வளவு நேரமானது என்று யாரும் கேட்பதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டருகே உள்ள குளத்தில் காலை நேரத்தில் நீந்தத் தொடங்கி, உடன் வரும் தோழிகள் தூண்டியதால், பெரியவர்களுக்கென வயதுப் பிரிவுவாரியாக நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலானேன். நிஷா மில்லட், ஸ்ரீஹரி நடராஜ் போன்ற ஒலிம்பிக் நீச்சல் வீரர்களைத் தந்த ஊர் பெங்களூரு. வார்ம்-அப்பில் பக்கத்து லேனில் நீந்துகிறவர் இளவயதில் மாநிலப் பதக்கம் வாங்கியவராக இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே என் ஹீட்டில், அதாவது என்னோடு ஒரே நேரத்தில் நீந்தும் குழுவில், கடைசி இடம் ஏறக்குறைய எனக்கென்றே ஒதுக்கப்பட்டது.

கடைசியாக வந்தும் தெம்பாக இருப்பதற்கு என்ன செய்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். பந்தயத் தூரத்தை நீந்த நமக்கு ஆகும் நேரம் என்று பதிவுப் படிவத்தில் எதை எழுதுகிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. அந்த நேரத்தை வைத்தே ஹீட் பிரிப்பது வழக்கம் என்பதால், கூச்சப்பட்டுப் பத்து வினாடியைக் குறைத்து எழுதுகிறவர் தம்மைவிட வேகமானவர்களின் நடுவே மாட்டிக்கொண்டு, பந்தயத்தின் பிற்பகுதி முழுவதையும் தனியாக நீந்த நேர்கிறது. நான் பயிற்சியில் ஸ்டாப்வாட்ச் காட்டிய நேரத்தையே எழுதுகிறேன்.

வேகமானவர்களை நடுவிலும் மெதுவானவர்களை ஓரங்களிலும் நிறுத்துவார்கள் என்பதால் எனக்குப் பெரும்பாலும் சுவரோர லேன்தான் கிடைக்கும். அதில் ஒரு தொல்லை உண்டு: முன்னே போனவர்கள் எழுப்பிய அலை சுவரில் மோதித் திரும்பி, நான் மூச்சுக்கு முகத்தைத் திருப்பும் நேரம் பார்த்து வாயில் அறையும். அதற்காகவே இரு பக்கமும் மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டேன். தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துபோகும் என்று கோச் சொல்லிச் சொல்லிக் கிணற்றுப் பழக்கத்தையும் குறைத்திருக்கிறார். தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், கையை மூர்க்கமாக வீசுவதைவிட உடலை மட்டமாக வைத்துக்கொள்வதில்தான் என் போன்றவர்களுக்கு ஆதாயம். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுகிறேன். அந்த எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். அனுதாபக் கைதட்டல் மட்டும் இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாம் பகிர்வு: இந்திரா நகர், 40–44 வயதுப் பிரிவு

அம்மா, உங்கள் பகிர்வில் கைதட்டலைப் பற்றிச் சொன்னதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ‘கடப்பாரை நீச்சல்’ என்று கல்லூரித் தோழர்கள் கேலி செய்த ஆள் நான்; எனக்குக் கிடைக்கும் கைதட்டலை வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஈக்குவடோரியல் கினியின் எரிக் மூசாம்பானி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 நிமிடம் 52.72 வினாடியில் முடித்தார். அந்த ஹீட்டில் உடனிருந்த இருவரும் தவறான தொடக்கத்துக்காக நீக்கப்பட்டதால் அவர் தனியாகவே நீந்தினார். பாதிக்கு மேல் தவித்துப்போன அவருக்கு அரங்கம் எழுப்பிய ஆரவாரத்தில் அனுதாபம் கலந்திருக்கலாம். ஆனால் அவர் சுவரைத் தொட அது உதவியது என்பதும் உண்மை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு போட்டியில், நான் இன்னும் லேனில் இருக்கும்போதே அடுத்த ஹீட்டை வரிசையில் நிற்க வைத்து, அறிவிப்பாளர் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்றார். அன்று மாலையே மாஸ்டர்ஸ் விதிகளை எடுத்துப் படித்தேன். மற்றவர்கள் நீந்தி முடிக்கும்வரை, முன்னால் முடித்தவர்கள் தத்தம் லேனிலேயே தண்ணீரில் இருக்க அனுமதிக்கப்படலாம் என்கிறது உலக நீச்சல் அமைப்பின் விதி. மேடையில் ஏறிக் குதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தண்ணீரில் இறங்கிச் சுவரைப் பிடித்தபடியே தொடங்கலாம். மெதுவானவர்களும் வருவார்கள் என்று எண்ணியே இவற்றை எழுதியிருக்கிறார்கள் என்று அறிந்தபின் எனக்கிருந்த தயக்கம் பெருமளவு போய்விட்டது.

மூன்றாம் பகிர்வு: ஜெயநகர், 70–74 வயதுப் பிரிவு

நால்வர் ஓர் அணியாக ஒருவர்பின் ஒருவராக நீந்தும் ரிலேயை இருவரும் மறந்துவிட்டீர்கள். உலக மாஸ்டர்ஸ் விதிப்படி நால்வரின் வயதையும் கூட்டித்தான் ரிலேயில் பிரிவு அமைகிறது: 160 முதல் 199 வரை ஒன்று, 200 முதல் 239 வரை அடுத்தது. ஆகவே இந்தக் கணக்கில் என் நரைக்கும் மதிப்பு உண்டு; வேகமான மூன்று இளையவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள்.

ஃப்ரீஸ்டைலில் எந்த வகையிலும் நீந்தலாம் என்பதையும் பலர் பயன்படுத்துவதில்லை. ஜப்பானின் மியெகோ நகவோகா 2015இல், தமது 100ஆவது வயதில், 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை மல்லாந்து நீந்தியே 1 மணி 15 நிமிடம் 54.39 வினாடியில் முடித்தார். எனக்குத் தோள் வலி இருப்பதால் நெடுந்தூரப் பந்தயங்களில் நானும் இப்போது மல்லாந்துதான் நீந்துகிறேன். கூரையில்லாத குளமாயிருந்தால் காகிள்ஸ் மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும்; பத்து மணி வெயில் நேராகக் கண்ணில் இறங்கும். ஹலசூரு அம்மையாருக்கு விருப்பமிருந்தால், பெண்களும் ஆண்களும் கலந்த ரிலேக்கு எங்கள் அணியில் இன்னும் ஓர் இடம் காலியாக உள்ளது. அவர் வந்தால் நாங்கள் 240ஐத் தாண்டி அடுத்த பிரிவுக்குப் போய்விடுவோம்.