யூதப் பள்ளிகளில் பிள்ளைகளின் பண்டிகை ஓவியங்கள்: உங்கள் அனுபவங்கள்

நீலமை, வடக்கு லண்டன்

யூத சமயப் பள்ளியொன்றில் ஓவிய வகுப்பு உதவியாளராக இருந்தேன். எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பெசாக் பண்டிகைக்கு முந்தைய வாரம், ஏழு வயதுப் பிள்ளைகள் பண்டிகை இரவில் வாசிக்கும் ஹகாதா நூலுக்குத் தத்தம் அட்டையை வரைந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்க் கிண்ணம் சாய்ந்து ஒரு சிறுமியின் தாள் நனைந்துவிட்டது. அவளுக்கு வேறு தாள் கொடுத்துவிட்டு, நனைந்ததை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அவள் ஓடிவந்து கூடைக்குள் கைவிட்டு, பென்சில் சீவல்களுக்கும் ஆப்பிள் தோலுக்கும் நடுவிலிருந்து இரு துண்டுகளையும் எடுத்து உதட்டில் ஒற்றிக்கொண்டாள். அதில் இறைவனின் பெயரை எபிரேயத்தில் எழுதியிருந்தாளாம். அவள் அழவில்லை, ஆசிரியரிடம் முறையிடவும் இல்லை. "உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். காலில் புத்தகம் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

மூன்றாம் மாடி, நியூ ஜெர்சி

சகோதரி, நீங்கள் ஒரு தாளைத்தான் கிழித்தீர்கள். நானோ ஒரு பை நிறைய மக்ரோனியைக் கொண்டுபோனேன்.

எங்கள் மகன் படித்த யூத மழலையர் பள்ளியில் பெற்றோர் முறைவைத்துக் கைவேலை நடத்துவார்கள். என் முறை 2024 ஏப்ரல் 18 அன்று வந்தது. அவ்வாண்டு பெசாக் 22ஆம் தேதி மாலையில் தொடங்கியது. சாயம் தோய்த்த மக்ரோனியைப் பிள்ளைகள் நூலில் கோத்துப் பாதி முடித்திருந்தபோது ஆசிரியை உள்ளே வந்தார். கோதுமையில் செய்த எதையும் அந்தப் பண்டிகையில் உண்ணக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வைத்திருக்கவே கூடாது என்பதும், மாவுக் களிமண் டப்பாக்களைக்கூட அன்று காலைதான் அப்புறப்படுத்தியிருந்தார்கள் என்பதும் தெரியாது. எல்லாரும் மாலைகளைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் "இது அம்மாவுக்கு" என்று கொடுக்க மறுத்தாள். ஆசிரியை கோபிக்காமல் அவளருகில் அமர்ந்து, ஒவ்வொரு மணியாக உருவி எடுத்துவிட்டு வெறும் நூலைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வெறும் நூலை அவள் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

கணக்கர், டொராண்டோ

இரண்டாம் பதிவரின் மேல் பிழையில்லை. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாதது பள்ளியின் பிழை. முதல் பதிவை மட்டும் என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. எபிரேய எழுத்து இருப்பதாலேயே ஒரு தாள் புனிதமாகிவிடாது. இறைவனின் பெயரை முழுமையாக எழுதாமல், 'ஹே' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு அருகில் சிறு கோடு இடுவதற்கே இப்பள்ளிகளில் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். ஆகவே அந்தச் சிறுமி மிகைப்படுத்தியிருக்கக்கூடும்.

என் அனுபவம் சிறியது. பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளியில் ஹனுக்கா என்னும் விளக்குத் திருவிழாவுக்குப் போய், அவன் வரைந்த விளக்கைப் பாராட்டி, "இது உங்கள் தீபாவளி" என்றேன். அவன் தன் படத்தின் கிளைகளை எனக்காக ஒன்பதுவரை எண்ணிக் காட்டி, எட்டு இரவுகளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்றும் 'ஷமாஷ்' ஒன்று என்று பொறுமையாக விளக்கினான்.

இனி போகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். குடில் பண்டிகையான சுக்கோத் நாள்களில் பிள்ளைகள் காகிதச் சங்கிலியும் பழப் படங்களும் தொங்கவிடும் குடிலின் கூரை, வெட்டியெடுத்த தழைகளாலும் கிளைகளாலுமே வேயப்பட வேண்டும் என்பதால் மழை உள்ளே இறங்கும். எனவே நீர்வண்ணத்தில் வரையச் சொல்லாதீர்கள், வரைந்தால் மேலே கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். வெள்ளி மாலைச் சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை எழுதுவதும் வரைவதும் விலக்கு. அந்நேரத்தில் அன்பாகக்கூட ஒரு பிள்ளையின் கையில் வண்ணக்குச்சியைக் கொடுத்து, 'ஒரு படம் போடு பார்க்கலாம்' என்று கேட்காதீர்கள். வீட்டில் சமைத்த பலகாரம் எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். முட்டை சேர்க்காதது என்று நீங்கள் சொல்வதால் அது அவர்களுக்கு கோஷர், அதாவது சமய உணவு விதிக்கு உகந்தது, ஆகிவிடாது.

பைகுல்லாக்காரர், மும்பை

கணக்கர் சொல்வதைக் கேட்டால் யூதர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் என்று தோன்றும். இங்கே பெனே இஸ்ரவேல் என்னும் இந்திய யூதக் குடும்பங்கள், மரங்களின் புத்தாண்டான தூ பிஷ்வாத் நாளில் அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள் சேர்த்து 'மலிதா' படைத்து எலியா தீர்க்கதரிசியை நினைவுகூர்கிறார்கள். அவர் தேரில் விண்ணேறியபோது பதிந்த தடம் அலிபாக் அருகே ஒரு பாறையில் இருப்பதாக நம்பிக்கை.

அவர்களது சமய வகுப்பில் அந்தத் தேரை வரையச் சொன்னபோது, ஒரு பையன் மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையில் முன்பு ஓடிய வெள்ளித் தகடு பதித்த விக்டோரியா வண்டியை அப்படியே வரைந்து, எலியாவின் கையில் சவுக்கையும் கொடுத்திருந்தான். யாரும் திருத்தவில்லை. மலிதா அவலைத் தின்றுகொண்டே எல்லாரும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீலமை, வடக்கு லண்டன்

கணக்கர் ஐயாவுக்கு: ஒற்றை எழுத்து வழக்கம் உண்மைதான். அவள் எழுதியதோ பிரார்த்தனை நூலைப் பார்த்து ஒன்றுவிடாமல் படியெடுத்த, இறைவனின் முழுப் பெயரான நான்கு எழுத்துகள். யூத சமயகுருவான ரப்பி பார்த்துவிட்டு, இரு துண்டுகளையும் புதைப்பதற்கென்று சேர்த்துவைக்கும் கெனிசா பெட்டியில் இட்டார்.

அப்பெட்டிகளில் இறைவன் பெயர் எழுதியவை மட்டுமே சேரும் என்றும் இல்லை. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்து, 1896-97இல் அறிஞர் சாலமன் ஷெக்டர் முயற்சியால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஏடுகளில் வணிகக் கணக்குகள் உண்டு, கடிதங்கள் உண்டு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள்களும் உண்டு. அவற்றுள் ஒன்றில் வண்ணம் தீட்டிய விளக்குகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த நனைந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது.

விட்டுப்போன ஒன்றையும் சொல்கிறேன். நான் கொடுத்த புதிய தாளில் அவள் ஒரே ஓர் எழுத்தை எழுதி, அருகில் சிறு கோடு இட்டு என்னிடம் நீட்டினாள். "இதை நீங்கள் கிழிக்கலாம்" என்றாள்.