புதுப்பிப்பு: சண்டை விளையாட்டுக்கு மொழி முடிவாகிவிட்டது

இருவர் மோதும் 2டி சண்டை விளையாட்டைத் தனியாளாக எழுத சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப், பைத்தான் ஆகிய மூன்று நிரல் மொழிகளில் எது ஏற்றது என்று கேட்டிருந்தேன். சி ஷார்ப்பையே எடுத்துக்கொண்டேன், மோனோகேம் என்ற விளையாட்டு உருவாக்கக் கருவித்தொகுப்புடன். பதில் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பைத்தானில் முதல் மாதிரி வேகமாக வந்தது. ஒரே கணினியில் இருவர் ஆட அது போதும். ஆனால் இணையத்தில் ஆட ரோல்பேக் (இணையத் தாமதத்தைப் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்யும் முறை) வேண்டும் என்று முடிவெடுத்ததும் கணக்கு மாறிவிட்டது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிநொடிதான். எதிராளியின் பொத்தான் அழுத்தல் தாமதமாக வந்தால், பழைய நிலைக்குத் திரும்பி ஏழெட்டு ஃபிரேம்களை அந்த நேரத்துக்குள்ளேயே மறுபடி கணக்கிட வேண்டும். அதாவது ஒன்றுக்கு சுமார் 2 மில்லிநொடி. என் பைத்தான் நிரல் அங்கேதான் திணறியது.

சி ஷார்ப்பில் குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் வேலை) ஆட்டத்தை இடையில் தடுக்கும் என்று சிலர் எச்சரித்தது சரியே. அதனால் ஆட்ட நிலை முழுவதையும் ஸ்ட்ரக்ட்களில் (குப்பை சேகரிப்புக்கு வேலை வைக்காத மதிப்பு வகைகளில்) வைத்து, சுற்று நடக்கும்போது புதிய பொருள் எதையும் உருவாக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இக்கெமென் கோ என்ற திறந்த மூல சண்டை விளையாட்டு எஞ்சினும் குப்பை சேகரிப்பு உள்ள கோ மொழியில்தான் எழுதப்பட்டது. அது எனக்குப் பெரிய தைரியம் தந்தது.

அப்புறம், தசம எண்களை விட்டுவிட்டேன். இரு கணினிகளில் விடை துளி மாறினாலும் இரண்டிலும் ஆட்டம் வேறு வேறாகிவிடும். இடம், வேகம் எல்லாம் இப்போது முழு எண்கள். 256 அலகு ஒரு பிக்சல். அடுத்து பிடித்து எறியும் அடிகளை எழுதப்போகிறேன்.