பிரஷருக்குச் சீன மருந்து: மாத்திரையை விட்டுவிடலாமா?

இரவுப்பறவை:
வயது 46. ஆறு மாதமாக அம்லோடிபின் 5 மி.கி. போடுகிறேன். பிரஷர் 138/88 பக்கம் நிற்கிறது, ஆனால் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி சாக்ஸ் தடம் அப்படியே பதிந்துவிடுகிறது. இந்த எரிச்சலில் ஒரு சீன வைத்தியரைப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார், ‘கல்லீரல் யாங் மேலே ஏறுகிறது’ (யாங் என்றால் சீன வைத்தியத்தில் உடம்பின் சூட்டு சக்தியாம்) என்று சொல்லி கஷாயப் பொட்டலம் கொடுத்தார். மூன்று வாரத்தில் மாத்திரையை விட்டுவிடலாமாம். யாராவது விட்டிருக்கிறீர்களா?

பழையமெஷின்:
நான் விட்டேன். பத்தாவது நாள் 172/104. தலைவலிகூட இல்லை, அதுதான் பயமே. கால் வீக்கம் அம்லோடிபின் செய்கிற வேலை, டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரை தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வேர்ப்பட்டை:
கல்லீரல் யாங் என்றால் அநேகமாக தியான்மா கௌதெங் யின் என்ற மூலிகைக் கஷாயம் கொடுத்திருப்பார். அதில் கௌதெங் என்ற மூலிகையை மட்டும் கடைசி சில நிமிடம்தான் கொதிக்கவிட வேண்டும், முதலிலேயே போட்டால் வீரியம் போய்விடும். இது பிரஷரைக் கொஞ்சம் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், அதை நம்பி மாத்திரையை விட முடியாது. இன்னொன்று, பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். அதிமதுரம் பல சீனக் கஷாயங்களில் சேரும், அது உப்பை உடம்பில் தங்கவைத்து பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், பிரஷருக்கு மருந்து குடித்தே பிரஷர் ஏறும்! பிரஷரை ஏற்றும் மா ஹுவாங் என்ற மூலிகை இருந்தால் தொடவே வேண்டாம்.

பழையமெஷின்:
சீனாவிலேயே 600 கிராமங்களில் சாதா உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது, பக்கவாதம் குறைந்தது. கிட்னி கோளாறு இருந்தாலோ பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் லோசார்ட்டன் மாதிரி பிரஷர் மாத்திரை போட்டாலோ கேட்காமல் அந்த உப்புக்கு மாறக்கூடாது. நான் உப்பைக் குறைத்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, 6 கிலோ இறக்கினேன். அப்புறம் டாக்டரே மாத்திரையைப் பாதியாக்கினார். அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும்.

இரவுப்பறவை:
வைத்தியருக்கே போன் போட்டுக் கேட்டேன். அந்த மஞ்சள் நிற இனிப்புத் துண்டு அதிமதுரம்தானாம். பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டேன். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு டாக்டரிடம் போகிறேன், கால் வீக்கத்தையும் காட்டுகிறேன்.