ரெயில்ஸ் ரூட்: கோப்புப் பெயரில் இரண்டு புள்ளி வந்தால் 404

நண்பர்களே, பெங்களூரு விவேக்நகரில் எங்கள் சிறிய தமிழ் நூலகத்தின் இணையதளத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ரூபி மொழியின் இணையதளக் கட்டமைப்பான ரெயில்ஸில் ஓடுகிறது (ரெயில்ஸ் 7.1, ரூபி 3.2). ஸ்கேன் செய்த பழைய இதழ்கள் கோப்பின் பெயரிலேயே திறக்கும்.

‘மலர்12.பிடிஎஃப்’ என்றால் சிக்கலே இல்லை. ‘மலர்12’ பெயராகவும், ‘பிடிஎஃப்’ ஃபார்மட்டாகவும் (கோப்பு வகை) வந்து சேர்கின்றன. ‘மலர்12.3.பிடிஎஃப்’ என்று கேட்டால் ரூட்டே (முகவரியை உரிய பக்கத்தோடு இணைக்கும் விதி) பொருந்தாமல் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை வருகிறது. பெயர்களை மாற்றவும் வழியில்லை, க்யூஆர் கோடு அச்சடித்து அலமாரிகளில் ஒட்டிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் கைபேசியை நீட்டி, “இதழ் இல்லை என்கிறதே, தம்பி” என்றார். இதழ் அவர் கண்ணெதிரே அலமாரியில் இருந்தது. அன்றிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன்.

ரெயில்ஸ் புள்ளியை ஃபார்மட்டின் பிரிப்பானாக எடுத்துக்கொள்வதால் பெயர்ப் பகுதியில் அதை ஏற்பதில்லை என்று படித்தேன். சாய்கோடு தவிர எதுவும் வரலாம் என்று கன்ஸ்ட்ரெயின்ட் (பெயர்ப் பகுதியில் என்ன வரலாம் என்ற கட்டுப்பாடு) போட்டேன். 404 போய்விட்டது, ஆனால் ‘.பிடிஎஃப்’ என்பதும் பெயருக்குள் புகுந்துகொண்டு ஃபார்மட் காலியாகிவிட்டது. முகவரியில் ‘.ஜேசான்’ (ஒரு தரவு வடிவம்) சேர்த்துக் கேட்கும் தேடல் பக்கமும் அத்தோடு நின்றது. அந்தக் கன்ஸ்ட்ரெயின்டோடு ஃபார்மட்டை அணைத்துப் பார்த்தேன், அதே கதைதான். நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகம் இல்லாத என் மடிக்கணினியிலும் இப்படித்தான், ஆகவே கோளாறு ரூட்டில்தான்.

கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவது மட்டும் ஃபார்மட்டாகவும், முன்னால் உள்ள அனைத்தும் பெயராகவும் பிரிய, கன்ஸ்ட்ரெயின்டை எப்படி எழுத வேண்டும்?