நைட் டூட்டிக்கு வந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து மூன்று வாரமான தங்கச்சி கேட்டிருந்தாய்: "நைட் முடிஞ்சு வந்து படுத்தா மூணு மணி நேரத்துல முழிப்பு வந்துடுது அக்கா. வேலூர்ல இப்படி இருந்ததே இல்ல. உடம்புல ஏதாவது கோளாறா?" உன்னைப் போலப் புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோளாறு எதுவும் இல்லைம்மா. நான் காட்பாடி. வேலூரில் ஐந்து வருடம் நைட் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஊரில் டூட்டி முடிந்து வந்தால் அம்மா கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார். கீரைக்காரம்மா குரல் கொடுத்தால்கூட "புள்ள நைட் பாத்துட்டு வந்து தூங்குது, மெதுவா பேசு" என்பார். மே மாதத்தில் ஜன்னலில் ஈரத்துணி தொங்கும். என் தூக்கத்துக்கு அங்கே ஒரு காவல் இருந்தது. இங்கே அது இல்லை. நீயேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் வெளிச்சம். ஜூன் மாதத்தில் இங்கே காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், இரவு 9 மணி தாண்டியும் இருட்டாது. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. உடம்புக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். காலை 8 மணிக்கு வெயிலில் நடந்து வந்தால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் அடங்கிவிடும். அதனால் பஸ்ஸில் வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள். வாடகை அறையின் மெல்லிசுத் திரையை நம்பாதே. முதல் வருடம் நான் ஜன்னல் முழுக்கச் சமையலறை அலுமினியத் தாளை டேப் போட்டு ஒட்டினேன். அப்படியும் ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே ஒரு கீற்று சுவரில் இறங்கி, 11 மணிக்கெல்லாம் என் தலையணைக்கு வந்துவிடும். கறுப்புத் துணியைச் சுருட்டி அதையும் அடைத்த அன்றைக்குத்தான் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன்.

அடுத்தது போன். கோடையில் இங்கே மதியம் ஒன்றரை என்றால் ஊரில் மாலை 6 மணி. அம்மா விளக்கேற்றிவிட்டு ஆசையாகக் கூப்பிடும் நேரம், உன் தூக்கத்துக்கு நட்டநடு. எடுக்காவிட்டால் "என்னமோ ஏதோ" என்று பதறுவார். எடுத்தால் அன்றைய தூக்கம் போச்சு. டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் எட்டே முக்காலுக்கு நீயே கூப்பிட்டுவிடு. அங்கே மதியம் ஒன்றே கால், சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் கூடும். அப்புறம் போனை அமைதியில் போட்டு, அவசரத்துக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் அனுமதி. மாதா மாதம் ரோஸ்டர், அதாவது யாருக்கு என்றைக்கு டூட்டி என்ற பட்டியல், வந்ததும் வீட்டு வாட்ஸப்பில் போட்டுவிடு. என் அம்மா மாதக் காலண்டரில் என் நைட் நாட்களைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். இப்போது சித்தப்பா பேச வேண்டுமென்றால்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கணவர் பகல், மனைவி நைட் என்று பிரித்துக்கொண்டு குழந்தையை மாற்றி மாற்றிப் பார்க்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. காப்பகச் செலவு மிச்சம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் அம்மாவின் தூக்கம் எழுதப்படுவதே இல்லை. நானும் எட்டு மாதம் அப்படி இருந்தேன். மகன் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கும் தூக்கம். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் காலை கார் ஓட்டி வரும்போது சிக்னலில் கண் சொருகிவிட்டது, பின்னால் ஹாரன் கேட்டுத்தான் விழித்தேன். குழந்தை பின்சீட்டில் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. நைட் முடிந்து வரும் நாட்களுக்காவது குழந்தையைக் காப்பகத்தில் விடு. மூன்று வயது முடிந்து அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்து, இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் 15 மணி நேரம் இலவசம், பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கு. கார் வைத்திருந்தால், கிளம்பும் முன் பார்க்கிங்கிலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு எடு.

சாப்பாடு: இரவில் இன்சுலின் பகல்போல வேலை செய்யாது. அதே சோறு நடுராத்திரியில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? அதனால் கிளம்பும் முன் மாலையில் வயிறாரச் சாப்பிடு. நள்ளிரவில் கொஞ்சம் கேழ்வரகுக் கூழ், மோர், சுண்டல் போதும். வார்டில் யாராவது 2 மணிக்குப் பிரியாணி டப்பாவைத் திறந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கேள். காபி 2 மணிக்கு மேல் வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும் மறுபடி 2019இலும் இரவு வேலையைப் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை" பட்டியலில்தான் வைத்தது. அதனால் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தால் ஒதுக்காதே. நைட் பார்ப்பவர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது 1998 முதல் முதலாளியின் சட்டக் கடமை. விசா அவர்கள் கையில் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொள்ளாதே, எழுத்தில் கேள். கர்ப்பமாக இருந்து, நைட் ஆகாது என்று டாக்டரோ மிட்வைஃபோ எழுதிக் கொடுத்தால் பகல் வேலை தர வேண்டும், முடியாவிட்டால் சம்பளத்தோடு விடுப்பு. டிசம்பரில் காலை 8 மணிக்குத்தான் விடியும், 4 மணிக்கு இருட்டிவிடும். வெயிலிலேயே வளர்ந்த வேலூர் உடம்புக்கு இங்கே தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி தேவை.

நைட் எல்லாவற்றையும் மூன்று நான்காகச் சேர்த்துப் போடச் சொல்லிக் கேள். ஒன்று விட்டு ஒன்று வந்தால் உடம்பு எந்தப் பக்கமும் பழகாது. கடைசி நைட் முடிந்த அன்று மதியம் வரை மட்டும் தூங்கிவிட்டு வெளிச்சத்தில் நட, அன்று இரவே தூக்கம் வந்துவிடும்.

வாணியம்பாடித் தம்பி மெலடோனின் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே அதைக் கடையில் சும்மா வாங்க முடியாது, டாக்டர் சீட்டு வேண்டும். ஊரிலிருந்து கொண்டு வந்த அரிப்பு மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதை இன்றோடு நிறுத்து. அந்த மந்தம் அடுத்த டூட்டி வரைக்கும் கூடவே வரும், வார்டில் நீ கையில் எடுப்பது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து. முதலில் ஜன்னலை அடை, போனை அமைதியில் போடு, இரண்டு வாரம் பார். அப்படியும் வரவில்லையென்றால் இங்கேயே டாக்டரைப் பார்.