புதுப்பிப்பு: யாழ்ப்பாணத்து இணுவில் வளவில் ஓர்க்கிட் நிழற்கூடம்

பின்வளவில் ஓர்க்கிட் வளர்க்க 50 வீத நிழல் வலை போதுமா என்று பங்குனியில் கேட்டிருந்தேன். டென்ட்ரோபியம் என்ற ஓர்க்கிட் வகைக்குத் தாராளமாகப் போதும். பலனொப்சிஸ் என்ற வகை மட்டும் சித்திரை வெயிலில் இலை கருகியது. அதற்கு மேலே இன்னொரு வலை கட்டினேன், புதுத்தளிர் வந்துவிட்டது.

உண்மையான சிக்கல் தண்ணீர். நம் மண்ணடியில் சுண்ணாம்புக்கல், கிணற்று நீரோ சுண்ணாம்பு கரைந்த கடின நீர். வேரிலும் இலையிலும் வெள்ளைப் படிவு. எத்தனை செடிகளை வீணே வாட்டிவிட்டேன்! மாரி தொடங்கியதும் கூரைப் பீலியால் மழைநீரைத் தாங்கியில் சேர்த்தேன். இப்போது அதையே தெளிக்கிறேன். வேர் நுனிகள் பச்சையாக நீள்கின்றன.

சட்டியில் மண்ணே வேண்டாம். கரியும் தென்னம்பொச்சும் போதும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றைத் தடுக்க அந்தப் பக்கம் மட்டும் கிடுகு (பின்னிய தென்னோலை) கட்டினேன். மற்றப் பக்கங்களைத் தயவுசெய்து அடைக்காதீர்கள். காற்றோட்டமில்லாவிட்டால் வேர் அழுகும்.

நேற்று முதல் மொட்டு விரிந்தது. ஊதா நிறம்.