பொருள்: ‘ஸ்க்ரோல் ஹுக்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் சனிக்கிழமைகளில் நடக்கும் கணினி வகுப்புக்கு ஒரு கையேடு அச்சுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஐந்தாம் பாடம் மட்டும் சொல் இல்லாமல் நிற்கிறது.

ஈமாக்ஸ் உரைத்திருத்தியில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ௧, ௨, ௩ என்று தமிழ் எண் காட்டும் சின்ன நிரல் அது. பிள்ளைகளே எழுதினார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் ஒரு பக்கம் கீழே தள்ளினால் புதிதாக வந்த வரிகளுக்கு எண் விழுவதில்லை. அடுத்த விசையைத் தட்டிய பிறகுதான் விழுகிறது. திரை உருளும்போது அழைக்கப்படும் ‘விண்டோ-ஸ்க்ரோல்-ஃபங்ஷன்ஸ்’ பட்டியலில் அவர்கள் நிரலைச் சேர்த்திருக்கிறோம். அது அழைக்கப்படும்போது சாளரத்தின் தொடக்க இடம் மாறிவிட்டது, திரையோ இன்னும் வரையப்படவில்லை. அந்த நேரத்தில் ‘விண்டோ-எண்ட்’ (சாளரத்தில் தெரியும் பகுதியின் முடிவு) எது என்று கேட்டால் பழைய திரையின் முடிவைத்தான் சொல்லும். கட்டளை ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓடும் ‘போஸ்ட்-கமாண்ட்-ஹுக்’கிலும் அதே நிரல் இருப்பதால் அடுத்த தட்டலில் சரியாகிவிடுகிறது.

இதைப் பாடமாக எழுத ‘ஸ்க்ரோல் ஹுக்’ (திரை உருளும்போது ஓட நம் நிரலை மாட்டிவைக்கும் இடம்), ‘ரீடிஸ்ப்ளே’ (திரையை மறுபடி வரைவது) இரண்டுக்கும் சொல் வேண்டும். மலாயில் ஸ்க்ரோலுக்குத் ‘தாத்தால்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அதையே எழுதிவிடட்டுமா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஈப்போ ஐயா எழுதியது:

அம்மா, தாத்தால் வேண்டாம். ஸ்க்ரோல் என்பது சுருட்டி வைக்கும் ஏடு. நம்மிடம் ‘சுருள்’ இருக்கிறது. ‘உருட்டு’ என்று யாராவது சொல்ல வருவார்கள். இன்றைய இளையோர் வாயில் உருட்டு என்றால் பொய் அடித்துவிடுவது. பாடநூலுக்கு அந்தச் சொல் ஆகாது.

ஹுக் என்பதற்குக் கொக்கி என்பது கடைத்தெருச் சொல். ‘கொளுவி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கொள், கொளு, கொளுவு என்று வளர்ந்த சொல். கொளுத்து என்பதும் அதே வேர்; தீ மூட்டுவது மட்டுமல்ல, மாணாக்கருக்கு விளங்கச் சொல்வதையும் பழைய உரைகள் கொளுத்துதல் என்கின்றன. இன்னும் ஒன்று கவனியுங்கள். புறப்பொருள் வெண்பாமாலையில் துறையின் கருத்தைச் சொல்லும் ‘கொளு’ முன்னே நிற்கும், வெண்பா பின்னே வரும். திரை வரையப்படுவதற்கு முன் நிற்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா? ஆகவே என் பரிந்துரை ‘சுருட்கொளுவி’.

கூலிம் தம்பி எழுதியது:

ஐயா, மன்னிக்கணும். சுருட்கொளுவி என்றால் என்னோடு நிரல் எழுதுகிற ஒருவருக்கும் புரியாது. கொசுவர்த்திதான் நினைவுக்கு வரும். டீச்சர் ஊரிலேயே மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. கலாசாலை தமிழா என்று எந்தத் தாயும் கேட்டதில்லை, பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். புரிகிற சொல்தான் நிற்கும். இன்டர்நெட்டுக்குச் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ ஏன் நின்றது? சின்னது, கேட்டவுடனே பிடிபடுகிறது.

ஆனால் ‘உருட்டு’ வேண்டாம் என்பதில் ஐயாவோடு நான் ஒத்துப்போகிறேன். காரணம் மட்டும் வேறு. உருட்டு பிறவினை, யாரோ உருட்ட வேண்டும். இந்தப் பட்டியல் நாம் தள்ளும்போது மட்டும் அழைக்கப்படுவதில்லை. கர்சர் திரைக்கு வெளியே போனால் ஈமாக்ஸ் தானாகவே உருண்டுகொள்ளும், அப்போதும் அழைக்கும். சாளரத்தில் வேறு கோப்பைக் காட்டினாலும், புதுச் சாளரம் திறந்தாலும் அழைக்கும். அதனால் தன்வினைதான் சரி: உருள்.

டீச்சருக்கு ஒரு குறிப்பு. ‘விண்டோ-எண்ட்’டுக்கு இரண்டாவதாக ஒரு மதிப்பு கொடுத்தால் புது முடிவைக் கணக்குப் போட்டுச் சொல்லும். கொஞ்சம் வேலை கூடும், ஆனால் எண்கள் உடனே வரும். ஈமாக்ஸ் 26, 2018இல் வந்தது, அதிலிருந்து வரி எண் காட்டும் வசதி திரை வரையும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் பிள்ளைகள் கையால் எழுதிப் பார்க்கட்டும், அப்போதுதான் நேரக் கணக்கு புரியும்.

டொராண்டோ அக்கா எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘கொழுவி’ என்றுதான் சொல்லுறனாங்கள், ழகரம். கொழுவல் என்றால் சண்டை. அகராதியில் ளகரமும் இருக்குது, ரெண்டில் எது மூலம் என்று ஐயா சொல்லட்டும். சொல்லுக்கு என் ஆதரவு உண்டு.

ரீடிஸ்ப்ளேக்கு ஆரும் ‘மீள்வரைவு’ என்று போட்டுவிடாதேங்கோ. அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம். மீள்வரைவு மறுமணம் ஆகிப்போகும். ‘மறுகாட்சி’யிலும் எனக்கு மனமில்லை, மறு என்றால் களங்கமும்தானே.

ஈப்போ ஐயா எழுதியது:

ளகரமே மூலம். கொள் என்ற வேரை விட்டால் ழகரத்துக்கு நிற்க இடமில்லை. கொக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கொக்கின் கழுத்து வளைவால் வந்த பெயர் என்பது என் கருத்து. உருவத்தைச் சொல்கிறதே தவிர செயலைச் சொல்லவில்லை. தம்பி சொன்னபடி ‘உருள்’ என்றே வைத்தாலும், கொக்கியா உருள்கிறது?

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

ஐயா, ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? ‘உருள்கொக்கி’யை வினைத்தொகையாகப் பாருங்கள். திருக்குறளில் ‘உருள்பெருந்தேர்’ இருக்கிறது. புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை, கொள்கலம் என்கிறோம், கொட்கலம் என்பதில்லை.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் காலம். வினைத்தொகை மூன்று காலத்தையும் மறைத்து வைக்கும். இங்கே நமக்கு அதுதான் தேவை. தொடக்க இடத்தைப் பார்த்தால் திரை உருண்டுவிட்டது. கண்ணால் பார்த்தால் இனித்தான் உருளும். ‘உருண்டபின் கொக்கி’ என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் திரை வரைந்து முடிந்தது என்று நினைத்து ‘விண்டோ-எண்ட்’டை நம்புவார்கள். ‘உருளுமுன் கொக்கி’ என்றால் உருளுதலைத் தடுக்கலாம், மாற்றலாம் என்று நினைப்பார்கள். அதற்காக இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஈமாக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. ‘உருள்’ என்று நிறுத்தினால் இரண்டு தப்பும் நடக்காது. இப்படி ஒரு இடைநிலையைச் சொல்ல நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இடம் இருக்கும்போது அதை விடக்கூடாது.

தோட்டத்து அண்ணன் ஒருவர் எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செம்பனை வருவதற்கு முன் எங்கள் தோட்டத்தில் எல்லாம் பால்மரம், ரப்பர். விடியுமுன் வெட்டுவார்கள், பால் சொட்டி முடிய மணிக்கணக்காகும், அப்புறம்தான் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) இருந்து வாளியில் ஊற்றுவார்கள். வெட்டிய கையோடு மங்கைத் தூக்கிப் பார்த்தால் என்ன இருக்கும்? திரை வரையுமுன் அதன் முடிவைக் கேட்பதும் அப்படித்தான். டீச்சர் பாடத்தில் இதைப் போடுங்கள். பிள்ளைகள் மரம் வெட்டியதில்லை, ஆனால் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. பதினொன்றாம் வரிக்கு ௰௧ வருமா, ௧௧ வருமா?

கூலிம் தம்பி எழுதியது:

அண்ணே, தமிழ்ச் சுழியம் 2005இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டது. அதனால் பத்து ௧௦, பதினொன்று ௧௧. நிரலுக்கு அதுதான் எளிது.

ஈப்போ ஐயா எழுதியது:

பத்துக்கு ௰ இருக்கும்போது சுழியம் எதற்கு? இதைத் தனி இழையில் பேசுவோம். நிறையச் சொல்ல இருக்கிறது.

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

ஐயா, எண்ணை அப்புறம் பேசலாம். அச்சகத்துக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார். உருள்கொக்கி என்றே போடுகிறேன், பெரும்பாலோர் அதற்குச் சரி என்றிருக்கிறீர்கள். ரீடிஸ்ப்ளேக்கு ‘மீள்காட்சி’. அதில் யாருக்கும் முழு நிறைவு இல்லை, எனக்கும் இல்லை. வேறு நல்ல சொல் வந்தால் அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன். அண்ணன் சொன்ன மங்கு பாடத்தில் வருகிறது.

ஈப்போ ஐயா எழுதியது:

உருளுக்கு ஒப்புகிறேன், கொக்கிக்கு ஒப்பவில்லை. சொற்பட்டியலில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘கொளுவி’ என்று ஒரு வார்த்தை போடுங்கள் அம்மா. ழகரம் பற்றி டொராண்டோ அம்மையாருக்குத் தனி மடலில் எழுதுகிறேன்.